பழைய மோட்டார்ஹோமில் பெட்ரோல் வாடையா?

முதல் வேலை, கேஸ் அடுப்பையும் கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் பைலட் சுடரையும் (எப்போதும் எரியும் சிறு சுடர்) அணைத்துவிடுங்கள். வண்டிக்குள் வீடே இருப்பதால் இதை மறந்துவிடுவது சுலபம். அப்புறம் கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

வாடை எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டேங்க்கை நிரப்பிய பிறகு மட்டும் வந்தால் கோளாறு டேங்க்கின் மேல்பக்கம்: பெட்ரோல் ஊற்றும் குழாய், காற்றுக்குழாய், பெட்ரோல் அளவுமானியின் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு). எஞ்சின் ஓடும்போது மட்டும் என்றால் பம்ப்பிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள பகுதி. எஞ்சினோடு இணைந்த பழைய வகை பம்ப் என்றால் ஆயில் குச்சியையும் முகர்ந்து பாருங்கள். பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் கலந்துவிடும். அப்படியிருந்தால் எஞ்சினை ஓட்டவே வேண்டாம்.

சொட்டும் இடத்தை நம்பாதீர்கள். பெட்ரோல் சேஸிஸ் சட்டத்தில் வழிந்து எங்கோ போய்ச் சொட்டும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, கீழே அட்டை விரித்து, டார்ச்சோடு பாருங்கள். ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதுதான் மூலம். ஜெனரேட்டருக்குப் போகும் தனிக் குழாயைப் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

பழைய ரப்பர் குழாய் எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது. ஒன்றில் வெடிப்பு கண்டால், என்னைக் கேட்டால், மொத்தத்தையும் மாற்றிவிடுவேன்.