ஒரே ஷெட்டில் பட்டறை, வீடு, கூடைப்பந்து

பட்டறை, வீடு, கூடைப்பந்து ஆடுகளம் மூன்றையும் ஒரே இரும்பு ஷெட்டுக்குள் அடக்கும் வேலை இது. முதலில் வந்த வரைபடத்தில் பக்கச் சுவர் உயரம் 7 மீட்டர் என்று இருந்தது. கூடைப்பந்துக்கு வேண்டிய உயரமும் 7 மீட்டர்தானே, சரி என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் தூணும் சாய்வு பீமும் சேரும் மூலையில் இரும்பு தடித்துக் கீழே இறங்கும். பந்துக்கு மிச்சம் அதற்கு அடியில் உள்ள இடம்தான். அதனால் "பீமுக்கு அடியில் 7 மீட்டர்" என்று வரைபடத்திலேயே எழுத வைத்தேன். ஆடுகளம் 28க்கு 15 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 32க்கு 19. நீளவாக்கைக் கூரை முகட்டுக்கு இணையாகத் திருப்பியதும் நடுத்தூண் இல்லாமல் அடங்கியது.

வீட்டுப் பகுதிதான் பெரிய தலைவலி. வெல்டிங் புகை, கிரைண்டர் சத்தம் இரண்டும் படுக்கையறைக்கு வரக் கூடாது. பட்டறைக்கும் வீட்டுக்கும் இடையே ஸ்டோர் ரூமையும் குளியலறையையும் நுழைத்தேன். நடுச்சுவருக்கு இரண்டு வரிசைச் சட்டம், ஒன்றையொன்று தொடாமல்; உள்ளே ராக்வுல் (சத்தத்தை உறிஞ்சும் பாறை இழைப் பஞ்சு). சுவரைக் கூரைத் தகடு வரை ஏற்றி, இடுக்குகளை அடைக்கச் சொன்னேன். ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்தினால் சத்தம் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிடும், புகையும் கூடவே! வீட்டுக்கு வாசல் வெளிப்பக்கம்.

அப்புறம் கழிவுநீர்க் குழாய்: தரைக் கான்கிரீட் போடும் முன்பே புதைத்தாயிற்று.