நெயில் கருவிகளைக் கிருமி இல்லாமல் வைப்பது எப்படி? புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு

நெயில் ஆர்ட் கோர்ஸ் முடித்த கையோடு எல்லோரும் வாங்குவது ஜெல் பாலிஷ் நிறங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பணத்தில் முதலில் நிப்பர் (நகக்கண் ஓரத்துத் தோலை வெட்டுவது), புஷர் (அந்தத் தோலைப் பின்னால் தள்ளுவது), நெயில் கட்டர் அடங்கிய செட் இன்னும் இரண்டு வாங்குங்கள். ஒரு செட்டை ஒழுங்காகக் கழுவி, ஊறவைத்து, உலர்த்தி எடுக்க அரை மணி நேரம் போய்விடும். கையில் ஒரே செட் இருந்தால், அடுத்த கஸ்டமர் வந்து உட்கார்ந்ததும் பஞ்சால் ஒரு துடை துடைத்துவிட்டு ஆரம்பிக்கத்தான் தோன்றும். எப்படிச் செய்வது என்று தெரிந்தவர்களே நேரம் இல்லாமல் கோட்டைவிடும் இடம் இது.

நகக்கண் ஓரத்துத் தோலை வெட்டும்போது கண்ணுக்கே தெரியாத அளவில் ரத்தம் கசியலாம். ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் தொற்றும் திறனோடு இருக்கும். நகச்சுத்தியும் நகச்சொத்தையும்கூட இதே நிப்பர் வழியாக அடுத்தவர் விரலுக்குப் போகலாம்.

எதைக் கழுவலாம், எதைக் கழுவக் கூடாது

ஸ்டீல், கண்ணாடி, கெட்டி பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழுவிக் கிருமி நீக்கலாம். பேப்பர் ஃபைல், நகத்தைப் பளபளப்பாக்கும் பஃபர், ஆரஞ்சு குச்சி எனப்படும் மரக்குச்சி, கால்விரல் இடுக்கில் வைக்கும் ஸ்பாஞ்ச் ஆகியவை ஒருவருக்கு மட்டும். அவற்றின் நுண்துளைகளுக்குள் போன அழுக்கை எந்த மருந்தாலும் முழுசாக எடுக்க முடியாது. வேலை முடிந்ததும் கஸ்டமரிடமே கொடுத்துவிடுங்கள், அல்லது அவர் கண் முன்னால் குப்பையில் போடுங்கள். செலவைக் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளலாம், தவறில்லை.

படி 1: கழுவுதல்

கிளவுஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கொஞ்சம் விட்டு, கருவி தண்ணீருக்குள் இருக்கும்போதே பிரஷால் தேயுங்கள். வெளியே வைத்துத் தேய்த்தால் முகத்தில் தெறிக்கும். நிப்பரை நன்றாக விரித்து, மூட்டுப் பகுதியைத் தேய்ப்பது முக்கியம். அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும். டிரில் பிட்டில் ஜெல் தூள் அப்பியிருந்தால் முதலில் கொஞ்ச நேரம் அசிட்டோனில் போட்டு எடுங்கள்.

அப்புறம் சோப்பு போக அலசித் துடையுங்கள். இதற்குக் காரணம் உண்டு. அடுத்த படியில் ஊறவைக்கும் பென்சால்கோனியம் குளோரைடு போன்ற கிருமிநாசினி மருந்துகளின் வேகத்தை மிச்சமிருக்கும் சோப்பு குறைத்துவிடும். ஈரத்தோடு போட்டால் மருந்தும் நீர்த்துப்போகும்.

படி 2: ஊறவைத்தல்

மருத்துவக் கருவிகளுக்கான கிருமிநாசினியைச் சர்ஜிக்கல் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். லேபிளில் பார்க்க வேண்டியது: எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு, எத்தனை நிமிடம், கலந்த பிறகு எத்தனை மணி நேரம் தாங்கும். உதாரணத்துக்கு, சலூன்களில் நீல நிறத்தில் இருக்கும் பார்பிசைட் 1 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 60 மில்லி, 10 நிமிடம், தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் மருந்தை விடுங்கள். ‘ஒரு மூடி’ கணக்கு வேண்டாம், அளவுக் குவளை வாங்குங்கள்.

கைப்பிடி உள்பட முழுசாக மூழ்க வேண்டும். நடுவில் இன்னொரு கருவியைப் போட்டால் டைமரை மறுபடி முதலிலிருந்து வையுங்கள்.

டெட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். அதில் உள்ள குளோரோசைலெனால், சூடோமோனாஸ் பாக்டீரியாவிடம் அவ்வளவாக எடுபடாது. நகத்தைப் பச்சையாக்கும் கிருமியே அதுதான்! ஐசோபுரொப்பைல் ஸ்பிரிட் என்றால் 70 சதவீதம் உள்ளதை வாங்குங்கள். 99 சதவீதத்தைவிட இதுதான் நன்றாகக் கொல்லும், ஏனென்றால் கிருமியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும். ஆனால் துடைத்த மறுநிமிடம் காய்ந்துவிடுவதால் ஸ்பிரிட்டை மட்டும் நம்ப முடியாது. ஹைப்போ (பிளீச் திரவம்) ஸ்டீலை அரித்துவிடும். அதைத் தரைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆசிட் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

படி 3: அலசி உலர்த்தி மூடி வைத்தல்

நேரம் ஆனதும் எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க ஊறினால் துரு பிடிக்கும், கத்தி முனை மழுங்கும். போர்வெல்லின் உப்புத் தண்ணீர் ஸ்டீலில் வெள்ளைத் திட்டு போடும், அதனால் கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் நல்லது. டிஷ்யூவால் ஒற்றி, முழுசாக உலரவிட்டு, சுத்தமான மூடிய டப்பாவில் வையுங்கள். பயன்படுத்திய கருவிக்கு வேறு நிற டப்பா. அவசரத்தில் இரண்டும் மாறாமல் இருக்கப் பெயரையும் ஒட்டிவிடலாம்.

பெட்டிகளைப் பற்றி

‘யூவி ஸ்டெரிலைசர்’ என்று விற்கும் பெட்டியில் வெளிச்சம் படும் பக்கத்துக்கு மட்டுமே பலன். நிப்பரின் மூட்டுக்குள் அது போகாது. சுத்தமான கருவியை வைக்கும் அலமாரியாக வேண்டுமானால் பயன்படுத்தலாம். ஸ்போர் எனப்படும் தடித்த ஓடுள்ள கிருமி விதைகளையும் கொல்ல, அழுத்தத்தில் உள்ள நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ்தான் வேண்டும். சாதாரண வகையில், பையில் போட்ட கருவிக்கு 121 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம். பையில் நிறம் மாறும் கோடு சூடு பட்டதை மட்டுமே சொல்லும். கிருமி செத்ததா என்று பார்க்கத் தனியாக ஸ்போர் டெஸ்ட் இருக்கிறது. வீட்டுக் குக்கரிலும் அழுத்தம் வரும்தான், ஆனால் உள்ளே காற்று முழுசாக வெளியேறியதா என்று தெரியாது, கருவியும் ஈரமாகவே வெளியே வரும். எந்தப் பெட்டியாக இருந்தாலும் படி 1 முடித்த பிறகுதான்.

பெடிக்யூர் தொட்டி

2000-ஆம் ஆண்டு கலிஃபோர்னியாவில் ஒரே நெயில் சலூனுக்குப் போன 100-க்கும் மேற்பட்டவர்களுக்குக் காலில் ஆறாத கட்டிகள் வந்தன. சுழல்நீர்த் தொட்டியில் தண்ணீர் உள்ளே போகும் வலைத்தடுப்புக்குப் பின்னால் முடியும் தோல் துகளும் சேர்ந்து, மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சுயிட்டம் என்ற கிருமி அங்கே குடியிருந்தது. கால் முடியை ஷேவ் செய்துவிட்டு வந்தவர்களுக்குப் பாதிப்பு அதிகம். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குக் குழாய் ஏதும் இல்லாத சாதாரண டப் போதும். கழுவ எளிது, விலையும் குறைவு.

வேலைக்கு நடுவில் ரத்தம் வந்தால்

உடனே நிறுத்துங்கள். கிளவுஸ் இல்லையென்றால் போட்டுக்கொண்டு, சுத்தமான பஞ்சால் அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்றதும் பிளாஸ்டர் ஒட்டுங்கள். பஞ்சைத் தனிக் கவரில் கட்டிக் குப்பையில் போடவும். அந்த நிப்பர் நேராகப் ‘பயன்படுத்தியது’ டப்பாவுக்குப் போகட்டும். ரத்தம் பட்ட ஃபைலை அதே கஸ்டமருக்குக்கூட மறுபடி எடுக்க வேண்டாம். கிளவுஸைக் கழற்றிக் கையைச் சோப்பு போட்டுக் கழுவி, புது ஜோடி மாட்டி, அடுத்த செட்டைத் திறந்து தொடருங்கள்.