எலாண்ட் விழுந்த பிறகு: பெரிய இரலையைக் காட்டிலிருந்து கொண்டுவருவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க வேட்டைக்குப் போய் வந்தவர்கள் துப்பாக்கியைப் பற்றியும் தோட்டாவைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசுவார்கள். விழுந்த விலங்கை முகாமுக்கு எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டால், "வண்டியில் ஏற்றினோம்" என்று முடித்துவிடுவார்கள். அன்று பட்ட பாட்டில் பெரும்பகுதி அந்த இரண்டு சொற்களுக்குள்தான் இருக்கும்.

நமீபியாவிலும் தென்னாப்பிரிக்காவின் லிம்போபோ மாகாணத்திலும் அனுமதி பெற்று வேட்டையாடப்படும் பெரிய இரலைகளில், ஆண் கூடூ 200 முதல் 270 கிலோ வரை இருக்கும். ஜெம்ஸ்பாக் 200 கிலோவை ஒட்டி நிற்கும். ஆண் எலாண்ட் 500, 600 கிலோ என்பது சாதாரணம். நன்கு முதிர்ந்தது 900 கிலோவையும் தொடும். புதிதாகப் போகிறவர்கள் இந்த எடையைக் கண்டுதான் மலைக்கிறார்கள். எடைக்கு, வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் வின்ச் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், கடைசியில் கத்தியும் இருக்கிறது. வெயிலுக்கு எதிராக அப்படி எதுவும் கையில் இல்லை. கீழே வரும் தவறுகளில் முக்கால்வாசி, கடிகாரத்தை மறந்து எடையோடு மல்லுக்கட்டுவதால் நேர்பவை.

முதல் தவறு விசையை அழுத்துவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. மலைச்சரிவில் கூடூ நிற்கிறது, கொம்பு அருமையாக இருக்கிறது, தூரமும் சரியாக இருக்கிறது. அது விழுந்தால் எங்கே உருளும், அந்த இடத்துக்கு வண்டி வருமா, இருட்டுவதற்குள் வயிற்றைத் திறந்துவிட முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. அனுபவமுள்ள வழிகாட்டிகள் நல்ல கொம்பு என்று தெரிந்தும் சில நேரம் தலையசைத்து மறுத்துவிடுவார்கள். பணம் கட்டி வந்தவருக்கு அது எரிச்சலைத் தரும். ஆனால் செங்குத்தான பள்ளத்தின் அடியில், சூரியன் மறையும் நேரத்தில், கால் டன் விலங்கோடு நிற்பதைவிட அந்த எரிச்சல் எவ்வளவோ மேல்.

விழுந்துவிட்டது என்று நம்பி நேராக ஓடிப்போய்க் கொம்பைப் பிடிப்பது அடுத்த தவறு. ஜெம்ஸ்பாக், ஸேபிள், ரோன் ஆகிய மூன்று இரலைகளும் காயத்தோடு கிடக்கும்போது தலையை ஒரே வீச்சில் சுழற்றும். ஜெம்ஸ்பாக்கின் கொம்பு நேரான ஈட்டி. சிங்கத்தையே குத்திச் சாய்த்திருக்கிறது. முதுகுப்புறமாக நெருங்கி, நீண்ட குச்சியால் கண்மணியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இமை அசைந்தால் இன்னும் உயிர் இருக்கிறது என்று பொருள். உயிர் போனது உறுதியான பின் துப்பாக்கியின் தோட்டா அறையைக் காலி செய்துவிட்டுத்தான் கயிற்றை எடுக்க வேண்டும். கயிறு இழுக்கும் கூட்டத்துக்கு நடுவே தோட்டா ஏற்றிய துப்பாக்கி ஒன்று மரத்தில் சாய்ந்து நிற்பதைவிட மோசமான காட்சி வேறில்லை.

வயிற்றைத் திறக்கத் தாமதிப்பது

இறந்த விலங்கின் இரைப்பை இறப்பதில்லை. அசைபோடும் விலங்கின் பெரிய இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் புல்லைத் தொடர்ந்து புளிக்க வைக்கின்றன. வாயு சேர்கிறது, வயிறு உப்புகிறது, சூடு உள்ளேயே தங்குகிறது. மேலே தடித்த தோல், கீழே வெயிலில் காய்ந்த மணல். இந்த நிலையில் எலாண்ட் போன்ற பெரிய உடல் தானாகக் குளிராது. முதலில் கெடுவது கண்ணுக்குத் தெரியும் சதை அல்ல. பின்தொடையில் எலும்பை ஒட்டிய ஆழமான சதை. வெளியே நன்றாக இருக்கிறதே என்று மறுநாள் தொடையை அறுத்தால் புளித்த வாடை முகத்தில் அடிக்கும்.

தோலுரிக்கும் கொட்டகை அருகிலேயே இருந்தால் விலங்கை முழுதாகக் கொண்டுபோய் அங்கே சுத்தமாகத் திறப்பதுதான் பண்ணைகளில் வழக்கம். அதில் தவறில்லை. வண்டி வரவே வெகுநேரம் ஆகும் என்று தெரிந்தும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் தவறு. அந்த நேரத்தில் நிழலுக்கு இழுத்து, அங்கேயே குடலை எடுத்து, நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துக் காற்று போக வழிசெய்ய வேண்டும். குடலும் இரைப்பையும் போனால் எடையும் ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிடும். உணவுக்குழாயைக் கழுத்தருகே இறுக்கிக் கட்ட மறக்கக் கூடாது. கட்டாவிட்டால் தலை தாழும்போது இரைப்பையில் இருப்பதெல்லாம் வழியும். அவசரத்தில் கத்தி இரைப்பையைக் கிழித்துவிட்டால், குட்டைத் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவுவது அதைவிடப் பெரிய தவறு; ஈரமும் அழுக்கும் சேர்ந்து கெடுதலை விரைவாக்கும். கறைபட்ட பகுதியைச் சீவி எறிவதே போதும்.

எடுத்த குடலை எறிந்துவிட்டு வருவது வேறு வகைத் தவறு. தென்னாப்பிரிக்காவில் மோகோடு என்றும் ஜிம்பாப்வேயில் மதும்பு என்றும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தடம் பார்த்தவர்களையும் தோலுரிப்பவர்களையும் கேட்காமல் அதைப் பருந்துக்குப் போடுவது மரியாதையல்ல.

வாட்டர்பக் என்னும் நீர்மானைச் சுட்டவர்களுக்குத் தனியாக ஒரு சொல். அதன் ரோமத்தில் எண்ணெய்ப் பசையான கடும் வாசனை உண்டு. தோலைத் தொட்ட கையாலேயே இறைச்சியையும் தொட்டால் அந்த நாற்றம் சமையல் வரை கூடவே வரும். பிறகு, நீர்மான் இறைச்சி சாப்பிட லாயக்கற்றது என்று பழி சொல்வார்கள். பழி பெரும்பாலும் கையைச் சேர்ந்தது.

வண்டியைக் கொண்டுவரும் வழி

அங்கே எல்லோரும் 'பக்கி' என்று சொல்லும் பிக்கப் வண்டியை விலங்கு கிடக்கும் இடத்துக்கு நேர்க்கோட்டில் ஓட்டி வருவது டயருக்குக் கேடு. புதருக்குள் சிக்கில் புஷ் மண்டிக் கிடக்கும். நம் வறண்ட காடுகளில் விடத்தலை என்று வளரும் அதே செடிதான். அதன் கட்டை முள்ளுக்கு டயர் ஒரு பொருட்டே இல்லை. ஆர்ட்வார்க் என்னும் வளை தோண்டும் விலங்கின் குழிகள் உயர்ந்த புல்லுக்குள் மறைந்திருக்கும். முன்சக்கரம் ஒன்றில் இறங்கினால் விலங்கை மீட்பதற்கு முன் வண்டியை மீட்க வேண்டியிருக்கும். வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து வழிகாட்டுவதால் கால் மணி நேரம் போகலாம். அதில் ஒரு பகல் மிச்சமாகும்.

பலர் கவனிக்காத ஆபத்து புல்விதை. உலர்ந்த புல்லில் ஓடும்போது விதைகள் ரேடியேட்டரை அடைத்து எஞ்சினைக் கொதிக்க வைக்கும். வண்டியின் அடியில் புகைக்குழாயை ஒட்டிக் குவியும் புல் தீப்பற்றும். கலஹாரிப் பக்கம் இப்படி எரிந்துபோன வண்டிகள் உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் வலையைக் கட்டி, நின்ற இடத்திலெல்லாம் குனிந்து அடியைப் பார்த்துக் கையால் புல்லை இழுத்துப்போட வேண்டும். வண்டியை நிறுத்துவது உயர்ந்த புல்லின் மேல் அல்ல, வெறும் மணலில்.

நமீப் பாலைவனத்தின் ஓரத்துச் சரளைச் சமவெளிகளில் இன்னொன்றும் உண்டு. அங்கே புதிதாகப் பதியும் டயர்த் தடம் பல பத்தாண்டுகள் அழியாது. ஒரு ஜெம்ஸ்பாக்குக்காக அந்த நிலத்தில் கோடு போட்டுவிட்டுப் போவதை நில உரிமையாளர்கள் மன்னிப்பதில்லை. மன்னிக்கவும் கூடாது.

ஏற்றும்போது

எலாண்டை ஆள்பலத்தால் தூக்கிப்போட முயல்வதில்தான் முதுகுகள் பிடித்துக்கொள்கின்றன. தெரிந்தவர்கள் விலங்கைத் தூக்குவதில்லை; வண்டியைத் தாழ்த்துகிறார்கள். விலங்கு மேட்டிலும் பின்சக்கரங்கள் பள்ளத்திலும் இருக்கும்படி வண்டியைப் பின்னால் கொண்டுவருவார்கள். நிலம் சமமாக இருந்தால் மண்வெட்டியால் பின்சக்கரங்களுக்கு இரண்டு சரிவான குழிகளை முழங்கை ஆழத்துக்குத் தோண்டி, வண்டியை அதில் இறக்குவார்கள். வண்டியின் பின்தளம் அந்த அளவுக்குக் கீழே வந்துவிடும். முன்சக்கரங்களுக்குக் கல் முட்டு, கைபிரேக். பின்கதவைக் கழற்றிவிடுவது நல்லது. தாங்கிப் பிடிக்கும் சங்கிலி ஒரு எலாண்டின் பாரத்துக்கு உரியதல்ல. தரையிலிருந்து தளம் வரை பழைய கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்றை விரித்தால் உடல் அதன்மேல் வழுக்கிக்கொண்டு ஏறும்.

வின்ச் கயிறு கொம்புகளின் அடியில் சுற்றி, ஒரு சுருக்கு மூக்கின் மேலும் விழ வேண்டும். அப்போதுதான் தலை நேராக வரும், கொம்பு பக்கவாட்டில் சிக்காது. முன்கால்களை மடக்கிக் கட்டுவது அவசியம். மடக்காமல் விட்டால் அவை தளத்தின் விளிம்பில் மாட்டிக்கொள்ளும். பொறுமையிழந்த ஒருவர் வின்ச்சை நிறுத்தாமலே குனிந்து காலை விடுவிக்கப் போவார். விரல் போவது அப்படித்தான். கம்பிவடத்தில் குறைந்தது ஐந்து சுற்றாவது உருளையில் மிஞ்சியிருக்க வேண்டும். வடத்தின் நடுவில் கனமான சாக்கு ஒன்றைப் போட்டுவைத்தால், அறுந்தாலும் சாட்டையாக வீசாது. வடத்தைத் தாண்டி யாரும் கால் வைக்கக் கூடாது. நான்கு பேர் பின்புறத்தில் நின்று உடலைத் திருப்பிக் கொடுப்பார்கள். தோள்கள் விளிம்பைக் கடந்ததும் நிறுத்தி, கயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி இழுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த இடத்தில்தான் தொடர்ந்து இழுத்து, உடலைக் குறுக்கே சிக்க வைக்கிறார்கள்.

ஏற்றியாயிற்று என்றதும் எல்லோரும் விலங்கின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்வதும் உண்டு. அங்கே ஓடும் பிக்கப்களின் பாரத்திறன் பெரும்பாலும் ஒரு டன்னை ஒட்டியது. 700 கிலோ எலாண்டும் ஐந்து ஆட்களும் சேர்ந்தாலே அந்த அளவைத் தாண்டிவிடும். குழியில் வண்டி குதிக்கும்போது கட்டாத தலையின் கொம்பு யார் தொடையில் இறங்கும் என்று சொல்ல முடியாது.

இழுப்பதிலும் ஒரு முறை உண்டு. ரோமம் படிந்திருக்கும் திசையில், அதாவது தலையை முன்னால் வைத்துத்தான் இழுக்க வேண்டும். பின்காலைப் பிடித்து இழுத்தால் தோல் எதிர்த்திசையில் உரசி ரோமம் உதிரும். கழுத்திலும் தோளிலும் வழுக்கை விழுந்த தோலைப் பாடம் செய்பவரால் காப்பாற்ற முடியாது. கூடூவின் கழுத்துப் பிடரி மயிரின் மேல் கயிறு கட்டுவதும் இதே வகைதான். தார்ப்பாயில் கிடத்தி இழுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வண்டியே வராத இடத்தில் முழுதாக இழுத்தே தீருவேன் என்ற பிடிவாதம் வேண்டாம். மூட்டு மூட்டாகப் பிரித்தால் நான்கு கால்கள், முதுகு, விலா, கழுத்து, தலை என்று ஆட்கள் சுமக்கத்தக்க பாரங்களாகிவிடும். எலாண்டின் தொடையை இன்னும் இரண்டாக்க வேண்டியிருக்கும். கலஹாரியின் பழங்குடிகளான சான் வேட்டையர்கள் ஒரு படி மேலே போய், இறைச்சியை அங்கேயே கீற்றுகளாக அரிந்து கிளைகளில் உலர்த்தி, எடை குறைந்த பிறகு சுமப்பார்கள். உப்புக்கண்டம் போட்ட வீட்டில் பிறந்தவர்களுக்கு இதன் அறிவு உடனே புரியும்.

ஆள் தேடி எல்லோரும் ஒன்றாகப் போய்விடுவதும் கூடாது. பகலில் கழுகுகள் பார்வையால் கண்டுபிடித்து இறங்கிவிடும். இலைக்கொத்துகளால் முழுதாக மூடினால் அவற்றுக்குத் தெரியாது. இரவில் கழுதைப்புலிக்கு மூக்கே போதும். நெருப்பும் ஓர் ஆளும் இல்லாமல் இரவைக் கடத்த நினைத்தால் காலையில் கொம்பு மிஞ்சுவதே அதிர்ஷ்டம்.

நோயும் வேலியும்

கையுறை போடாமல் கூடூவின் வாயில் கைவைப்பது நமீபியாவில் உண்மையான ஆபத்து. அங்கே கூடூக்களிடையே வெறிநோய் பரவியிருக்கிறது. 1977 இல் தொடங்கிய முதல் பெரும் பரவலில் பல்லாயிரக்கணக்கில் மடிந்தன. மனிதரைக் கண்டு ஓடாமல், எச்சில் ஒழுக நிற்கும் கூடூவை "எளிதான இலக்கு" என்று சுட்டுத் தலையை மடியில் வைத்துப் படம் எடுப்பது வெறும் அறியாமை. உடல் குளிரத் தொடங்கியதும் உண்ணிகள் இறங்கி ஆட்களிடம் ஏறும். காங்கோ காய்ச்சலைக் கொண்டுவருபவை இவற்றில் சில. ஏற்கெனவே இறந்து கிடக்கும் விலங்கைத் திறக்கவே கூடாது. ஆந்த்ராக்ஸ் அங்கே பழைய நோய்.

கடைசியாக, காட்டைத் தாண்டிய பிறகு வரும் தவறு. நமீபியாவின் வடக்கில் கிழக்கு மேற்காக ஒரு கால்நடை நோய்த் தடுப்பு வேலி ஓடுகிறது. 'ரெட் லைன்' என்பார்கள். கோமாரி நோய்க்காக, வடக்கிலிருந்து பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளின் பச்சை இறைச்சியை அனுமதியின்றித் தெற்கே கொண்டுவர முடியாது. ஓஷிவெலோ, முருரானி போன்ற சோதனை வாயில்களில் குளிர்பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இறைச்சி ஏற்றுமதி செய்யும் நாட்டில் இது சடங்கு அல்ல. அதே ஒன்றியத்தின் விதி, பெரிய காட்டு விலங்கின் இறைச்சி முழுவதையும் 7 டிகிரி செல்சியஸுக்குக் குறைக்க வேண்டும் என்கிறது. வேலிக்கு வடக்கே வேட்டையாடுபவர்கள் அனுமதியைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அங்குள்ள ஊர்ச் சமூகங்கள் நடத்தும் வனவிலங்குக் காப்பகங்களில் இறைச்சி பெரும்பாலும் ஊர்மக்களின் பங்கு என்பதால், வண்டியை எந்த ஊருக்கு ஓட்ட வேண்டும், யார் பிரித்துக் கொடுப்பார் என்பதையும் அதே பேச்சில் கேட்டுக்கொள்ளலாம்.