விதை கொடுத்தார்கள், இடம் கொடுக்கவில்லை: சிங்கப்பூரில் செடி வளர்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

2020ல், கொவிட் நேரத்தில், தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு இலவசமாகக் காய்கறி விதை அனுப்பியது ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முந்தைய வருடம்தான், 2030க்குள் நம் ஊட்டச்சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை இங்கேயே விளைவிக்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள். அரசாங்கமே விதை கொடுக்கிறது, இனி யார் கேட்கப்போகிறார்கள் என்று வாசலில் வரிசையாகத் தொட்டி அடுக்கியவர்களில் நானும் ஒரு ஆள். (அந்த இலக்கையே 2025ல் மாற்றிவிட்டார்கள், அது வேறு கதை.) அப்படி வாசலில் அடுக்கியதுதான் நான் செய்த முதல் தப்பு. ஊக்கப்படுத்துவது ஒரு துறை, இடத்தைக் கவனிப்பது இன்னொரு துறை. விதை வந்தது என்பதற்காக வாசல் நமக்குச் சொந்தமாகிவிடாது.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடி வீட்டில் நம் கதவுக்கு வெளியே இருக்கும் நடைபாதை பொது இடம். அதை நிர்வகிப்பது நகர மன்றம். தீப்பிடித்தால் ஆட்கள் ஓடவும் தூக்குப்படுக்கை போகவும் 1.2 மீட்டர் வழி தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது தீயணைப்பைக் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படை சொல்லும் கணக்கு. இதில் எல்லாரும் சறுக்குவது எங்கே என்றால், தொட்டியின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். செடி வளருமே! கறிவேப்பிலை ஆறு மாதத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்கும், அப்போது அந்தக் கிளையிலிருந்துதான் அளக்க வேண்டும். துளசியானாலும் விதி அதேதான், சாமி காரியம் என்று யாரும் விட்டுவிடமாட்டார்கள். கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைப்பதோ இன்னும் மோசம். பத்தாவது மாடியிலிருந்து ஒரு தொட்டி கீழே விழுந்தால் அதற்கப்புறம் பேச்சு அபராதத்தோடு நிற்காது.

சரி, வாசல் வேண்டாம், புளோக்குக்குக் கீழே புல்தரையில் முருங்கைக் குச்சி ஊன்றிவிடலாமா? பலர் ஊன்றுகிறார்கள். சில வருடம் ஒன்றும் நடக்காது, அக்கம்பக்கத்து ஆன்ட்டிகள் எல்லாம் கீரை பறித்துக்கொண்டு போவார்கள், அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் மரம் இருக்காது. சண்டை போட்டுப் பயனில்லை, அது நம் நிலம் இல்லை. முறையான வழி இரண்டு உண்டு. ஒன்று, வட்டாரத்துச் சமூகத் தோட்டம். 2005ல் தொடங்கிய திட்டம் அது, குடியிருப்பாளர் குழுவிடம் கேட்டால் சேர்த்துக்கொள்வார்கள். இன்னொன்று, பூங்காக்களில் தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் பாத்தி. இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், வருடத்துக்கு வரி சேர்க்காமல் 57 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மூன்று வருடத்துக்கு. குலுக்கலில்தான் கிடைக்கும் என்பதால் ஒருமுறை பெயர் விழவில்லை என்று விட்டுவிடாமல் திரும்பத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதிகம் பேர் மாட்டுவது இதில்தான். வீட்டில் கொசுப்புழு இருந்தால் தேசியச் சுற்றுப்புற வாரியம் 200 வெள்ளி அபராதம் போடும். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டைக் கொட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள். மேல்மண் இறுகிப்போனால் தண்ணீர் இறங்காமல் அங்கேயே தேங்கும், அதில்கூட டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். தண்ணீரே இல்லாமல் அந்த முட்டை மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும் என்பதால், காலித் தட்டையும் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணை வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள், செடிக்கும் நல்லது.

ஊருக்குப் போய்விட்டு வரும்போது அம்மா கொடுத்த வெற்றிலைக் கொடியை ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. உயிருள்ள செடி என்றால் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டிலிருந்து தாவரச் சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். லிட்டில் இந்தியாவின் தேக்காச் சந்தைப் பக்கம் எல்லாமே கிடைக்கிறது, ஏன் இந்தப் பாடு?

பூங்காவில் இலையோ பழமோ பறிப்பதும் குற்றம்தான், அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம். கோழி ஆசை இருந்தால் வீவக வீட்டில் மறந்துவிடுங்கள். நிலத்தோடு கூடிய தரைவீட்டில் பத்து வரை வளர்க்கலாம், அதுவும் மற்ற பறவைகள் நுழைய முடியாத கூண்டில்.

கடைசியாக, விற்பனை. மிஞ்சிய கீரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பது ஒன்று, அதையே தொழிலாக நடத்துவது முற்றிலும் வேறு. பண்ணை என்று வந்துவிட்டால் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவை. பல்மாடிக் கார் நிறுத்துமிடங்களின் மேல்தளத்தில் பச்சைப்பசேல் என்று பண்ணைகள் தெரிகின்றனவே, அவை யாரோ ஆசைக்கு வைத்த தோட்டம் இல்லை. 2020லிருந்து ஏலக்குத்தகைக்கு விட்டு, நிறுவனங்கள் விலை கேட்டு எடுத்த இடங்கள். உங்கள் புளோக் பக்கத்தில் அப்படி ஒரு மேல்தளம் சும்மா கிடந்தாலும், நாலு தொட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விடாதீர்கள்.