சன்ரூஃப் கம்பெனியில் வந்ததா, வெட்டி வைத்ததா?

சேலம் கொண்டலாம்பட்டியில் பழைய கார் ஒன்று பார்த்தேன். கூரையில் கண்ணாடி. "கம்பெனியிலேயே வந்தது சார்" என்றார் விற்பவர். வெட்டிப் பொருத்தியது என்றால் எனக்கு வேண்டாம். கூரையை அறுப்பது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவில் மாட்டும்.

ஆர்.சி.யில் கூரை பற்றி ஒரு வரி கிடையாது. 17 எழுத்து சேசிஸ் நம்பரை இணையத்தில் போட்டேன், மாடலும் வருடமும்தான் வந்தன. அந்த மாடலுக்கு இரண்டு பிரசுரங்கள் கிடைத்தன. ஒன்றில் சன்ரூஃப் இருந்தது, மற்றதில் இல்லை. நான்கு நாள் இப்படியே போயிற்று.

பிறகு கண்ணாடியைத் திறந்து, மழைநீர் வடிவதற்கான ஓரக் கால்வாயின் முன்மூலைத் துளையில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். முன்சக்கரத்துக்குப் பின்னால் சொட்டியது. நல்ல அறிகுறிதான், ஆனால் வெளியில் பொருத்துகிறவர்களும் குழாய் விடுவார்கள்.

முடிவு கிடைத்தது சர்வீஸ் சென்டரில், அதுவும் உதிரிபாகக் கவுண்டரில். "தம்பி, இந்த சேசிஸ் நம்பருக்கு உள்கூரை விலை என்ன?" என்று மட்டும் கேட்டேன். உள்கூரை என்றால் கூரையின் உட்புற உறை. சன்ரூஃப் உள்ள வண்டிக்கும் இல்லாததற்கும் அதன் பார்ட் நம்பரே வேறு. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார்: நடுவில் செவ்வகத் திறப்போடு படம். பக்கத்திலேயே கூரைக் கண்ணாடி, ரப்பர், மோட்டார், எல்லாம் அதே வண்டிக்கு.

அப்பாடா என்றிருந்தது. அன்று மாலையே முன்பணம் கொடுத்தேன். ஞாயிறன்று ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கூரை திறந்தபடி ஏறினோம்.