சிசிங்ஹர்ஸ்ட் தோட்டத்தைப் பார்த்து ஒரு 'தோட்ட அறை' போடுவது எப்படி?

இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள சிசிங்ஹர்ஸ்டுக்குப் போனால் முதலில் கோபுரத்தில் ஏறிவிடுங்கள். கீழே நடக்கும்போது ஓர் அறைதான், அதாவது வேலியோ சுவரோ சூழ்ந்த ஒரு தோட்டப் பகுதிதான், கண்ணில் படும். மேலிருந்து பார்த்தால்தான் உயிர்வேலியும் பழைய செங்கல் சுவரும் நிலத்தைக் கூறு போட்டிருக்கும் விதம் விளங்கும். 1930-ல் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட், அவர் கணவர் ஹெரால்ட் நிக்கல்சன் தம்பதி வாங்கியபோது அங்கே இருந்தது இடிந்த கட்டடங்களும் குப்பையும்தான். கணவர் கோடு போட்டார், மனைவி செடி வைத்தார். நாமும் அதே வரிசையில் போவோம்.

படி 1: கோடு

வீட்டு வாசலில் நின்று நேரே பாருங்கள். பார்வை போய் நிற்கும் இடத்தில் ஒரு சிலையோ பெரிய ஜாடியோ இருக்கட்டும். அதுவரை குச்சி ஊன்றிக் கயிறு கட்டினால் நடைபாதை கிடைத்துவிடும். நிலம் கோணலாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், அங்கும் அப்படித்தான்.

படி 2: வேலி

அவசரப்படவே கூடாத வேலை இது. இங்கிலாந்தில் இதற்கு யூ (yew) என்னும் பசுமை மாறா ஊசியிலை மரத்தை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் வேரில் தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். அதனால் ஒரு முழ ஆழத்துக்குக் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் வடிகால் போடாமல் நடாதீர்கள்.

கன்றுக்குக் கன்று 2 அடி இடைவெளி போதும். வருடத்துக்கு ஓர் அடி வளர்ந்தாலே நல்ல வளர்ச்சி. வேண்டிய உயரம் வரும்வரை நுனியைத் தொடாமல், பக்கங்களை மட்டும் கோடை முடிவில் கத்தரியுங்கள். அடி அகலமாகவும் மேல் குறுகலாகவும் வெட்டினால்தான் கீழ் இலைக்கு வெயில் கிடைக்கும், இல்லையேல் அடிப்பகுதி மொட்டையாகிவிடும். இலையும் விதையும் கடும் விஷம். குழந்தைகளும் ஆடுமாடுகளும் புழங்கும் இடத்தில் யூ வேண்டவே வேண்டாம்.

படி 3: வாசல்

குறுகலாக விடுங்கள். சிசிங்ஹர்ஸ்டில் ஆளுயரத்துக்கும் மேலே எழும் இரண்டு யூ வேலிகளுக்கு நடுவே ஒடுங்கிய பாதை ஒன்று உண்டு. அந்தப் பச்சை இருட்டிலிருந்து வெளியே வரும்போது எதிர்ப்படும் பூ இரண்டு மடங்கு பிரகாசமாகத் தெரியும். எனக்கு அந்தத் தோட்டத்திலேயே மிகப் பிடித்த இடம் அதுதான்.

படி 4: செடி

ஓர் அறைக்கு ஒரு நிறம், அல்லது ஒரு பருவம். அங்குள்ள லைம் நடைபாதை (எலுமிச்சை இல்லை, லிண்டன் மரம்) வசந்தகாலப் பூக்களுக்கென்றே அமைந்தது. வெள்ளைத் தோட்டத்தில் வெள்ளைப் பூ, சாம்பல் இலை, பச்சை மட்டும்தான். நடுவில் இரும்புப் பந்தல் மேல் படர்ந்த ரோஜா, ஜூலைத் தொடக்கத்தில் பூத்துக் கொட்டும். செடிகளை நெருக்கமாக வையுங்கள், பாதையில் சரிந்தாலும் அழகுதான்.

ஆனால் வேலிக்கும் பாத்திக்கும் நடுவே ஒன்றரை அடியாவது விட்டுவிடுங்கள். யூ வேர் பக்கத்துச் செடியின் தண்ணீரை உறிஞ்சிவிடும். கத்தரிக்கும் நாளில் ஏணி போடவும் இடம் வேண்டுமே.