ஒரு திசையில் மட்டும் வேகம் குறைந்த சர்வோ மோட்டார்: என் அனுபவம்

நாள்கணக்கில் இழுத்தடித்த கோளாறு ஒருவழியாகத் தீர்ந்தது. 4 துருவ ஜோடி (ரோட்டரில் உள்ள வட-தென் காந்த இணைகள்) கொண்ட பிரஷ்லெஸ் சர்வோ, அதாவது வேகத்தையும் நிலையையும் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் மோட்டார் அது. வலச்சுற்றில் 3000 ஆர்.பி.எம். எளிதாகத் தொட்டது, இடச்சுற்றில் 2600-ஐத் தாண்டவில்லை. இரு திசையிலும் அதே சுமைக்கு முன்பைவிட அதிக கரண்ட் இழுத்தது, சூடும் ஏறியது.

கெயின் (கட்டுப்பாடு எவ்வளவு வேகமாக எதிர்வினை செய்ய வேண்டும் என்ற அமைப்பு) மாற்றியும், கேபிளின் ஷீல்டு எர்த்தைச் சரிபார்த்தும், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவையே மாற்றியும் பலனில்லை. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் மூன்று ஃபேஸிலும் சமம்.

கவனிக்க வேண்டியது அந்தத் திசை வேறுபாடு. பேரிங் இறுகினால் பொதுவாக இரு பக்கமும் பாதிக்கும். கம்யூட்டேஷன் கோணம் (ரோட்டரின் நிலைக்கு ஏற்ப ஃபேஸ்களுக்குக் கரண்ட் கொடுக்கும் கோணம்) விலகினால் ஒரு திசையில் காந்தப்புலம் பலவீனமாகி வேகம் கூடும். மறு திசையில் வலுவாகி, வோல்டேஜ் போதாமல் வேகம் நின்றுவிடும்.

பின்மூடியைக் கழற்றினேன். ரோட்டர் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று டிரைவுக்குச் சொல்லும் என்கோடரின் ஹப்பைப் பிடித்திருந்தது வழவழப்பான ஷாஃப்ட்டில் ஒரே ஒரு கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத சிறு திருகு). நழுவியது 6 டிகிரிதான். ஆனால் 4 துருவ ஜோடி என்பதால் மின்கோணத்தில் அது நான்கு மடங்கு, 24 டிகிரி; டார்க்கில் (சுழற்றும் விசையில்) சுமார் 9 சதவீதம் போய்விடும்.

ஷாஃப்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, சுற்றிலும் இறுகும் கிளாம்ப் ஹப் போட்டேன். பிறகு யு ஃபேஸில் செலுத்தி வி, டபிள்யூ வழியே திரும்பும்படி, ரேட்டட் அளவில் பாதிக்கும் குறைவான டிசி கரண்ட் கொடுத்து ரோட்டரை நிறுத்தினேன். 90 டிகிரி இடைவெளியில் நான்கு இடங்களிலும் படித்து, ஆஃப்செட்டை (என்கோடருக்கும் ரோட்டருக்கும் இடையிலான கோண வித்தியாசத்தை) டிரைவில் பதிவு செய்தேன். இரு திசையிலும் 3000 வந்தது.

ஹப்பிலிருந்து ஷாஃப்ட் வரை ஒரு பெயின்ட் கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை நழுவினால் கண்ணிலேயே தெரியும். வாங்கும்போதே கூம்பு ஷாஃப்ட்டில் நடு போல்ட்டால் என்கோடரை இறுக்கிய மோட்டாரைத் தேடுவது நல்லது.